முட்டைக்குக் கால் கிடையாது

போன இதழில் இந்தப் பகுதியின் கடைசியில், "மழைக்காலத்தில் கணவாய் முட்டை கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பிழைக்காது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன், எப்படி, எவ்வளவு என்று அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்கக் கணவாய்தான். நண்டு, இறால் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: அப்பா தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பு எத்தனை டிகிரி என்று சொல்வார். மானியைப் போட்டுப் பார்த்தால் ஒன்று முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நான் 26 வருடம் குஞ்சுபொரிப்பகங்களில் இருந்தேன். அவர் தண்ணீரில் உப்பை ஏற்றிக்கொண்டே போனார். எனக்கு அது ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்வதே வேலை.

நண்டு வலையில் வெள்ளை விரல் விரலாக ஒரு கொத்து சிக்கி வந்தது. கணவாய் முட்டை என்று தெரியும். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டதால் கடல் தண்ணீர் பிடித்து வாளியில் போட்டு முற்றத்தில் வைத்தோம். ராத்திரி நல்ல மழை. காலையில் விரல்கள் உப்பிக் கிடந்தன, உள்ளே குஞ்சுகள் வெளுத்துச் செத்திருந்தன. மழைதான் காரணம் என்கிறீர்கள். கடலிலும்தானே மழை பெய்கிறது?
– மீனவர், பாம்பன்

அண்ணே, கடலில் பெய்கிற மழைக்குப் பரவ இடம் இருக்கிறது. வாளியில் அது எங்கே போகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வாளியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல் தண்ணீர் இருந்தது, ராத்திரி 10 சென்டிமீட்டர் மழை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 34 கிராம் உப்பு இருந்த தண்ணீர் விடியும்போது 23 ஆகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ராமேஸ்வரத்துப் பக்கம் 10 சென்டிமீட்டர் ஒன்றும் பெரிய மழை இல்லை.

மீனாக இருந்தால் இதைக் கொஞ்சம் சமாளிக்கும். மீனின் ரத்தத்தில் உப்பு கடல் தண்ணீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். செவுளும் சிறுநீரகமும் ராப்பகலாக வேலை செய்து அந்த அளவைக் காப்பாற்றுகின்றன. கணவாய்க்கு அந்த வித்தை கிடையாது. ஊசிக்கணவாய் (ஸ்குவிட்), முதுகுக்குள் ஓடுள்ள ஓட்டுக்கணவாய் (கட்டில்ஃபிஷ்), பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) மூன்றுக்குமே வெளியில் எவ்வளவு உப்போ ரத்தத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் உடம்புக்குள் புகுந்துவிடும். உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறதே, அதேதான். உப்பில் ஊறப்போட்ட எலுமிச்சை சுருங்குவது இதற்கு நேர் எதிர்.

நீங்கள் சொல்லும் வெள்ளை விரல், உடம்பு நெடுகத் துடுப்பு ஓடும் பெரிய ஊசிக்கணவாயின் முட்டை. செப்பியோத்தூதிஸ் லெசோனியானா என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு விரலுக்குள் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு முட்டை இருக்கும். பொரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். முட்டை தண்ணீரை இழுத்துப் பெருப்பது இயல்புதான். குஞ்சு வளர இடம் வேண்டுமே. அது நாள்கணக்கில் நடக்கவேண்டிய வேலை. ஒரே ராத்திரியில் நடந்தால் குஞ்சு தாங்காது.

உங்கள் பேரப்பிள்ளைகளைத் திட்டாதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு நானே இதைச் செய்திருக்கிறேன். 1998 மே மாதம், ஒரு இறால் குஞ்சுபொரிப்பகத்தில், வேலைக்கு நடுவே எனக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு தொட்டியில் கணவாய் முட்டை வைத்திருந்தேன். வெயிலில் தண்ணீர் வற்றி நாலு நாளில் 34 இருந்தது 37 ஆகிவிட்டது. சரி, நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிப்படுத்தலாம் என்று குடம் குடமாக ஒரே மூச்சில் ஊற்றினேன். எண்ணிக்கையில் ஒரு தப்பு, 28-க்கு இறங்கிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் நாள் நிறையாத குஞ்சுகள் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடியே முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. விடியும்போது ஒன்றுகூட இல்லை. 28 என்பது சாகிற அளவே இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரத்தில் இறக்கியிருந்தால் பாதிக்குமேல் பிழைத்திருக்கும். அதற்கப்புறம் சொட்டுக் குழாய் இல்லாமல் நான் எந்தத் தொட்டியிலும் நல்ல தண்ணீர் விட்டதில்லை.

இன்னொரு தடவை கொத்து வந்தால் கடல் தண்ணீரில் நனைத்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு கல்லில் கட்டி, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடியில் இறக்கிவிடுங்கள். மோட்டார் தண்ணீரில் அலசவே வேண்டாம்.

எத்தனை உப்பு வரை கணவாய் முட்டை தாங்கும் என்று தேர்வில் கேட்டால் ஒரே எண்ணாக எழுதலாமா? 27 முதல் 38 வரை என்று படித்திருக்கிறோம். 20-லும் பிழைக்கும் என்கிறார் என் தோழி.
– கடல் உயிரியல் மாணவி, பரங்கிப்பேட்டை

தேர்வுக்கு 27 முதல் 38 என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கட்டும். தோழி சொல்வதும் முழுத் தப்பு இல்லை. வளர்ந்த ஓட்டுக்கணவாயை மெதுவாகப் பழக்கினால் 20-ஐ ஒட்டிய உப்பிலும் சில நாள் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, அங்கே முட்டை பொரிவது வேறு.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நெதர்லாந்தில் இருக்கிறது. அந்த நாட்டின் தென்மேற்கில் ஊஸ்டர்ஸ்கெல்டே என்று ஒரு கடல்கழி. ஒவ்வொரு வசந்தத்திலும் ஐரோப்பிய ஓட்டுக்கணவாய் வெளிக்கடலிலிருந்து அங்கே வந்து முட்டையிடும். 1953-இல் பெருவெள்ளம் வந்து நிறையப் பேர் இறந்தபின், இந்த மாதிரி வாய்களை எல்லாம் அணை போட்டு மூடத் தீர்மானித்தார்கள். இதையும் மூடியிருந்தால் உள்ளே நன்னீர் ஏரிதான் மிஞ்சியிருக்கும். சிப்பி வளர்ப்பவர்களும் மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் சண்டை போட்டார்கள். கடைசியில் புயல் வந்தால் மட்டும் இறக்குகிற கதவுகளோடு ஒரு தடுப்பைக் கட்டி 1986-இல் திறந்தார்கள். உள்ளே கடல் உப்பு நின்றது, கணவாய் இன்றும் வருகிறது.

அந்தப் பகுதியில் உப்பையும் கணவாய்க் கருவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளிவந்தது. 28-க்குக் கீழே போகப் போகப் பொரிப்பு குறைந்தது. 24-ஐ ஒட்டி வளர்ந்தவை கோணல்மாணலாக வளர்ந்தன. ஏறக்குறைய 22-க்கு வந்தபோது கரு வளரவே இல்லை. தாய் தாங்குகிற எல்லைக்கும் முட்டையின் எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனித்தீர்களா? தாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடும். முட்டைக்குக் கால் கிடையாது. ஒட்டிய இடத்தில் மூன்று வாரமோ, குளிர்கடலாக இருந்தால் இரண்டு மூன்று மாதமோ, வருகிற தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உலக வரைபடத்திலும் இதைப் பார்க்கலாம். மத்தியதரைக் கடலில் உப்பு 38, கணவாய் ஏராளம். அதை ஒட்டியே இருக்கும் கருங்கடலின் மேல்தண்ணீரில் 18. அங்கே கணவாய்க் குலமே குடியேறவில்லை. விதிவிலக்கு என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில், செசப்பீக் விரிகுடாவுக்குள் வருகிற குட்டி ஊசிக்கணவாய் ஒன்று. லொலிகன்குலா பிரெவிஸ் என்று பெயர். 17, 18 வரை இறங்கிய தண்ணீரிலும் அது திரிகிறது. நாக்கு சுழன்றாலும் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கேட்பார்கள்.

உப்பு ஏறுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏற்றத்தைக் கணவாய் பரவாயில்லாமல் தாங்கும். செப்பியா பரோனிஸ் என்ற ஓட்டுக்கணவாய்க்கு 1831-இல் பெயர் வைத்தது செங்கடலில் பிடித்ததைப் பார்த்துத்தான். பரோனிஸ் என்றால் பாரோ மன்னருடையது. அங்கே வடகோடியில் உப்பு 40-ஐத் தாண்டும். நம் கரையில் ஏற்றுமதிக்குப் போகிற பெரிய ஓட்டுக்கணவாயும் இதே பெயரில்தான் பதிவாகிறது. அந்தப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்கிறார்கள் மரபணு பார்ப்பவர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் பக்கத்துக் கடல் பல நாள் செம்மண் நிறத்தில் கிடந்தது. அந்தச் சமயம் அடியில் இருந்த கணவாய் முட்டைகள் எல்லாம் போயிருக்குமா?
– இல்லத்தரசி, காயல்பட்டினம்

உங்கள் ஊரில்தான் அன்று ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி புன்னைக்காயலில் கொண்டுவந்து கொட்டியதை நானும் பார்த்தேன்.

ஆனாலும் எல்லாம் போயிருக்காது. நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கடல் தண்ணீர் அதைவிட 25 கிராம் கூடுதல். அதனால் வெள்ளத்தண்ணீர் மேலே விரிப்பு மாதிரி மிதந்து போகும். மேலே காவி நிறத்தில் ஓடும்போதே அடித்தண்ணீர் பழைய உப்போடு இருப்பதைச் சங்கு குளிப்பவர்கள் சொல்வார்கள். நாக்குக்கே தெரியுமாம். நாலைந்து பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் கடல்தாழையிலோ பவளப்பாறை இடுக்கிலோ ஒட்டியிருந்த முட்டைக்கு உப்பு அவ்வளவாக மாறியிருக்காது. இடுப்பளவு தண்ணீரில், ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தவைதான் மாட்டிக்கொண்டிருக்கும். அலை கலக்கிவிட்டால் அங்கே மேல்தண்ணீர், அடித்தண்ணீர் என்று இரண்டு இருக்காது.

வெள்ளத்தில் உப்பைவிட நான் பயப்படுவது சேற்றுக்கு. முட்டையின் தோல் வழியாகத்தான் உள்ளே இருப்பது மூச்சு விடுகிறது. அதன்மேல் வண்டல் படிந்தால் உப்பு 34 இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பாக் நீரிணைப் பக்கம் கதை வேறு. அங்கே உள்ளூரில் மழை இல்லாத வருடமும் கார்த்திகை, மார்கழியில் உப்பு இறங்கும். கங்கை, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்காள விரிகுடாவில் கொட்டிய தண்ணீர், கரையை ஒட்டித் தெற்கே ஓடும் நீரோட்டத்தோடு இறங்கி வரும். அது வாரக்கணக்கில் மெதுவாக நடக்கிற இறக்கம். என் தொட்டி மாதிரி அல்ல.

நண்பர் கொண்டுவந்த கணவாய் முட்டைகளை வீட்டுத் தொட்டியில் வைத்தேன். உப்பு 35, மானியில் சரியாகப் பார்த்தேன். பொரிந்தன. ஆனால் குஞ்சுகள் நேராக நீந்தாமல் தலைகீழாகவும் திருகுத் திருகாகவும் சுற்றிச் சுற்றியே செத்தன. உப்புத்தண்ணீரை நானே தயாரித்தேன், பெரும்பங்கு கல்லுப்பு.
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

தம்பி, 35 கிராம் உப்பு இருந்தது, அது எந்த உப்பு?

இதற்கு உப்பளத்துக்காரி பதில் சொல்கிறேன். கடல் தண்ணீரில் கரைந்திருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலேதான் நாம் சாப்பிடும் உப்பு. உப்பின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் கடல் தண்ணீர் 3 டிகிரி காட்டும். வெயிலில் காய்ந்து ஏறும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் கீழே படிந்துவிடும். 25 டிகிரியில் உப்பு பூக்கும். 29, 30 வந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். நாக்கில் வைத்தால் கசக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போகும். இப்படி முன்னாலும் பின்னாலும் கழித்துக் கிடைத்ததுதான் உங்கள் கல்லுப்பு. அதைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் வராது, உப்புத்தண்ணீர்தான் வரும்.

உங்கள் குஞ்சுகள் சுற்றிய காரணமும் இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கணவாயின் தலைக்குள் மேல் கீழ் தெரிவதற்கு ஒரு சின்னக் கல் உண்டு, நம் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு மாதிரி. அந்தக் கல் உருவாக ஸ்ட்ரான்சியம் வேண்டும். கடலில் அது லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவே இருக்கிறது. செயற்கைக் கடல்நீரில் அது விட்டுப்போனால் கல் இல்லாத குஞ்சு பிறந்து பம்பரமாகச் சுற்றும். அமெரிக்காவில் ஹான்லனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1989-இல் இதை நிரூபித்துக் காட்டினார்கள். ஸ்ட்ரான்சியம் சேர்த்த தண்ணீரில் கல் ஒழுங்காக உருவானது. முட்டைக்குள் இருக்கும்போதே சேர்க்கவேண்டும், பிறந்தபின் ஊற்றி லாபமில்லை.

பவளத் தொட்டிக்கு என்று விற்கிற கடலுப்புக் கலவையில் பொதுவாக இது இருக்கும், பையில் படித்துப் பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால், கோயம்புத்தூரில் கணவாய் வளர்க்கும் ஆசையையே கொஞ்சம் தள்ளிவைக்கலாம். குஞ்சுக்கு உயிருள்ள தீனி தினமும் வேண்டும். உக்கடம் மார்க்கெட்டில் உயிருள்ள பொடி இறால் கிடைக்காது.

பொரிந்து வெளியே வந்துவிட்டால் உப்பு ஆபத்து தீர்ந்ததா?
– ஆசிரியர், ராமநாதபுரம்

பாதி தீர்ந்தது. நீந்தத் தெரியும், பிடிக்காத தண்ணீரை விட்டு விலகும். ஓட்டுக்கணவாய்க் குஞ்சு பெரிதின் அச்சாகவே பிறக்கும். புழுப்பருவம் எதுவும் கிடையாது. அடியோடு அடியாக மணலில் பதுங்கும்.

மீதிப் பாதி அதன் முதுகில் இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று வெள்ளை ஓடு ஒன்றை விற்பார்களே, அந்த ஓடு பிறக்கும்போதே உள்ளே உண்டு. அடுக்கடுக்காக அறைகள். சிலவற்றில் காற்று, சிலவற்றில் நீர். மிதக்கவேண்டும் என்றால் கணவாய் அந்த நீரிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொள்ளும். அறைக்குள் உப்பு குறைந்து, ரத்தத்தில் அதிகமாக இருப்பதால் நீர் தானாக வெளியே வந்துவிடும். தமிழில் சொன்னால், உப்பைக் கயிறாக்கித் தண்ணீர் இறைக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத்தில் டென்டனும் கில்பின்-பிரவுனும் 1961-இல் இதை விளக்கினார்கள். இப்போது யோசியுங்கள். வெளியே உப்பு இறங்கினால் ரத்தத்திலும் இறங்கும், கயிறு தொய்ந்துவிடும். போதாததற்கு உப்பு குறைந்த தண்ணீர் உடம்பைத் தாங்கி மிதக்கவைப்பதும் குறைவு.

தொட்டியில் நான் முதலில் பார்ப்பது இதுதான்: உப்பு இறங்கினால் குஞ்சு தீனியை விட்டுவிடும். இறாலைக் கண்டால் கை நீட்டாது. சாவு அப்புறம்தான் வரும். சாவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு நாள் தாமதம்.

கணவாய்க் கறி ஏன் லேசாக இனிக்கிறது? "நீ சர்க்கரை போட்டுவிட்டாய்" என்கிறாள் மகள்.
– திருநெல்வேலி

நீங்கள் போடவில்லை, கணவாயே போட்டுக்கொண்டது. வெளிக்கடல் உப்புக்கு ஈடாகத் தசைக்குள்ளும் ஏதாவது நிறைந்திருக்கவேண்டும், இல்லையேல் தசை சுருங்கிவிடும். உப்பையே நிறைத்தால் தசை வேலை செய்யாது. அதனால் கிளைசின் மாதிரியான அமினோ அமிலங்களை நிறைத்துக்கொள்கிறது. கிளைசின் இனிக்கும். மகளிடம் சொல்லுங்கள். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், அந்த இனிப்பும் கரைந்து போய்விடும்.

கணவாய்க் குட்டி முட்டைக்குள் இருந்து வெளியே பார்க்குமா?
– ஐந்தாம் வகுப்பு, தூத்துக்குடி

பார்க்கும் கண்ணு. முட்டை தண்ணீரை இழுத்துப் பெருக்கப் பெருக்க அதன் தோல் மெலிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பிரான்சில் கான் என்ற ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முட்டைக்கு வெளியே குட்டி நண்டுகளை விட்டு வைத்தார்கள். பொரிந்து வந்ததும் அந்தக் குஞ்சுகள் இறாலை விட்டுவிட்டு நண்டைத்தான் தேடின. 2008-இல் இதை எழுதினார்கள். உன் அம்மா சமைப்பதைப் பிறப்பதற்கு முன்பே எட்டிப் பார்த்த மாதிரி!

நாங்கள் தென்னம்பாளைகளைக் கட்டிக் கடலில் இறக்கிக் கணவாயை வரவைத்துத் தூண்டில் போடுகிறோம். பாளை நிறைய முட்டை ஒட்டியிருக்கும். இதனால் கணவாய் அழியும் என்று சண்டைக்கு வருகிறார்கள். உண்மையா?
– குளச்சல்

சண்டை கர்நாடகம் வரை போய்விட்டது என்று தெரியும். நான் உங்கள் பக்கமும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை. முட்டையிட வந்த தாயைப் பிடிப்பது ஒரு நஷ்டம். அது நீங்களும் அதிகாரிகளும் பேசித் தீர்க்கவேண்டியது. இரண்டாவது நஷ்டம் முழுக்க உங்கள் கையில்: முட்டையோடு பாளையை மேலே இழுத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வருவது. வெயிலில் கிடந்தாலும் மழையில் நனைந்தாலும் அது முடிந்தது.

மேலே சொன்ன ஊஸ்டர்ஸ்கெல்டேயில் முக்குளிப்பவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் குச்சிகளைக் கூடாரம் போலக் கட்டிக் கடலடியில் நட்டு வைக்கிறார்கள். பிடிப்பதற்கு அல்ல, முட்டையிட இடம் வேண்டும் என்று. வேலை ஒன்றுதான், பாளைக்குப் பதில் குச்சி. நீங்கள் செய்யக்கூடியது, சீசன் முடிந்ததும் பாளையை அறுத்துக் கரைக்குக் கொண்டுவராமல் மூன்று வாரம் அப்படியே விட்டுவைப்பது. நைலான் கயிற்றுக்குப் பதில் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தால் அதற்கப்புறம் தானாக மக்கிவிடும்.

ஒன்று கேட்கிறேன், எழுதுங்கள். பாளையை எத்தனை பாகம் ஆழத்தில் இறக்குகிறீர்கள்? ஆனி, ஆடி மழை கழிந்து முதலில் இறக்கும் பாளைக்கும் மார்கழியில் இறக்கும் பாளைக்கும் முட்டை ஒட்டும் ஆழத்தில் வித்தியாசம் தெரிகிறதா?